விடச் சொல்லிக் கொடுத்தார்கள்

டீசல் எஞ்சின் ஓடுகிற சத்தம் என்னை ஒன்றும் செய்யாது. அது நிற்கும்போதுதான் எனக்குத் தொல்லை. வில்லியனூர்ப் பக்கம் கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டுகளைப் பழுது பார்த்தே என் ஆயுசில் பாதி போனது. ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் திடீரென்று இருமி, விக்கி, அடங்கிப் போனால் கையில் பிடித்த ஸ்பானரோடு அப்படியே நின்றுவிடுவேன். "இன்னா மேஸ்திரி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கொல்லைக்காரர் கேட்பார். அவர் கேட்டது சரிதான். அதை எப்படி அவரிடம் சொல்வது? "டீசல்ல தண்ணியக் கலந்து ஊத்திட்டு என்னைக் கேளு" என்று எரிந்து விழுவேன். பொல்லாத மேஸ்திரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இருக்கட்டும்.

அந்த எஞ்சின் வேலையை நான் கற்றது கரும்புக்காக இல்லை. கடலுக்காகக் கற்றேன். பாகூர்க் கொம்யூனில் பனித்திட்டுதான் என் ஊர். என் அப்பாவும் அவர் கூடப் பிறந்தவர்களும் கட்டுமரக்காரர்கள். அக்காவை ஊருக்குள்ளேயே கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு மகன். அக்கா புருஷனைத்தான் நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமாவும் நானும் ஒரே மரத்தில் தொழிலுக்குப் போனோம். நான் கோபக்காரன். அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே எனக்கு அவர் மேல் அடிக்கடி கோபம் வரும்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கடலுக்குப் போகிற ஆணிடம் 'போயிட்டு வா' என்று சொல்ல மாட்டார்கள். "மரத்த வுடாத" என்றுதான் சொல்வார்கள். மனைவி சொல்வாள், அம்மா சொல்வாள், எதிரே வருகிற யாரோ ஒரு பெண்ணும் சொல்வாள். அதில் காரணம் இருந்தது. கட்டுமரம் அலையில் புரளும், கட்டு அவிழ்ந்து தனித்தனிக் கட்டையாகக்கூடப் போகும், ஆனால் முழுகாது. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் என்றைக்காவது ஒரு கரை வரும். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்க வருமுன்னே அலைக்குள் தூக்கிப் போட்டு இதைத்தான் பழக்குவார்கள். ஒருத்தனை ஊரில் கேவலமாகத் திட்டவேண்டும் என்றால் அவன் அம்மாவை இழுக்க வேண்டியதில்லை. "மரத்த வுட்டவன்" என்று சொன்னால் போதும், வெட்டுக்குத்து நடக்கும்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய பிறகு ஊருக்குள் முதலில் மாறியது வழிதான். கடலூருக்கு மீன் கொண்டுபோனால் மறித்துக் கூடையைக் கொட்டிப் பார்க்கிற சுங்கக்காரர்கள் காணாமல் போனார்கள். அடுத்து ஜீப்பு வந்தது. கட்டுமரக்காரர்களுக்கு எஞ்சின் போட்டு ஓட்டச் சொல்லித் தரப்போகிறார்கள், படித்து முடித்தால் கூட்டாக ஒரு போட்டும் தருவார்கள் என்று கொம்யூன் தலைவர் மேர் ஆள்விட்டுச் சொன்னார். ஊர் சிரித்தது. சின்னப் பிள்ளையிலிருந்து கடலில் கிடக்கிறவனுக்குக் கடலைச் சொல்லித் தர ஒரு பள்ளிக்கூடமா? மாமா மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான், காத்துக்காகக் காத்துனு கெடக்க வேணாம்டா. நெனச்சா போவலாம், நெனச்சா வரலாம்" என்றார். அவர் போனால் நானும் போகவேண்டும். போனேன்.

பயிற்சி நடந்தது கடலூர்ப் பக்கம், ஒரு கழிமுகத்துக் கரையில். தகரக் கொட்டகை, அதற்குள் மேடை கட்டி நிறுத்திய எஞ்சின், ஒரு கரும்பலகை. சொல்லித் தந்தவர் மலையாளத்துக்காரர், சின்ன வயசு. எங்களுக்கு அவர் 'சார்'. கரும்பலகையில் அவர் எழுதியதை எங்களில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது என்பது அவருக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது. பலகையைத் துடைத்துவிட்டு எஞ்சினையே பிரித்துத் தரையில் பரப்பினார். அதற்குப் பிறகு எல்லாம் விளங்கியது. டீசல் குழாயில் காற்று அடைத்தால் எப்படி எடுப்பது, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பும்போது கட்டைவிரலை எங்கே வைக்கக் கூடாது, எல்லாம் கற்றோம். மாமாவுக்கு அந்த எஞ்சின் மேல் ஒரு பைத்தியமே பிடித்தது. சாப்பிடும்போதுகூட அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். கையில் இருக்கிற எண்ணெய்க் கறையைக் கழுவ மாட்டார். "அந்த மிஷினுக்கே தாலி கட்டு" என்று அக்கா திட்டினாள், உள்ளுக்குள் பெருமைதான்.

கடைசியில் ஒரு பாடம் இருந்தது. அது கழிமுகத்துக் கழியில் நடந்தது. ஒரு பழைய போட்டில் எங்களை உட்காரவைத்து, கழியின் நடுவே கொண்டுபோய், அடியில் ஓட்டையை அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் ஏறியது. சார் கரையிலிருந்து கத்தினார்: "விடணும்! போட்டை விட்டு நீந்தித் தள்ளிப் போகணும், கேட்டோ?" ஒருத்தரும் விடவில்லை. போட்டு முழுகியது, நாங்களும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே முழுகினோம். நல்லவேளை, அங்கே ஆழம் அதிகமில்லை. சேறு குடித்து எழுந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சார் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்று கிடையாது, அதனால் தண்ணீர் புகவும் இடம் கிடையாது. போட்டுக்கு உள்ளே இருக்கிறது, அதில் எஞ்சினும் இருக்கிறது. நிரம்பிவிட்டால் அது இரும்பின் பாரத்தோடு கீழே போகும். பிடித்திருப்பவனையும் கொண்டுபோகும். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மறுபடி ஏற்றி மறுபடி மூழ்கடித்தார். மறுபடியும் பிடித்துக்கொண்டோம். சொன்னது புரியவில்லை என்று நினைக்க வேண்டாம், புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

முதலில் விட்டவன் நான். புத்தியால் விடவில்லை, கோபத்தில் விட்டேன். எத்தனை தடவை சேற்றுத் தண்ணீர் குடிப்பது, சனியன் தொலையட்டும் என்று உதைத்துத் தள்ளிக்கொண்டு நீந்தினேன். சார் கைதட்டினார். கூட வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தராக விட்டார்கள். மாமாவால் மட்டும் முடியவில்லை. சாரே தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் நின்று அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். மாமா வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் வுட்டுடலாம்னுதான் நெனக்கிறன் சார். கை கேக்க மாட்டன்னுது" என்றார். எஞ்சின் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் அவரையும் தேறினவராகவே சேர்த்துக்கொண்டார்கள்.

போட்டு வந்தது. எங்களோடு இன்னும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்த புதுப் போட்டு, சாம்பல் நிறத்தில் இருந்தது. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கேயோ போய்ப் பச்சைப் பெயிண்ட் வாங்கி வந்து, விளிம்பெல்லாம் இரண்டு பூச்சு பூசினார். ஈர வாடைக்காற்றில் அது சீக்கிரம் காயவில்லை, தொட்டால் ஒட்டியது. "கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி காயற வரிக்கும் பொறுக்க மாட்டியா?" என்று என்னைத்தான் அதட்டினார்.

கழியில் நடந்த கூத்தை மாமா வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "வுடச் சொல்லிக் குடுக்கறதுக்கா ஒரு பள்ளிக்கூடம்? அந்த சாரப் பெத்த அம்மா இதக் கேட்டா காறித் துப்புவா" என்றாள். நான் சும்மா இருக்காமல், "அக்கா, அது மரமில்ல, போட்டு" என்று சார் சொன்னதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். கேட்டால்தானே! "மரமோ போட்டோ. எங்கப்பன் வுடாம இருந்துதான் வூடு வந்து சேர்ந்தாரு" என்றாள். அது உண்மை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒற்றைக் கட்டையோடு கரை ஒதுங்கினார். அன்றைக்கு அவரைப் பார்த்தவள் அவள்.

போட்டு முதலில் கடலுக்குப் போன அன்று அக்கா முகத்துவாரம்வரை வந்தாள். கட்டுமரத்தை எந்த மணலிலும் இழுத்து ஏற்றலாம். போட்டுக்கு அது முடியாது. ஆற்றுக்குள்தான் நிறுத்த வேண்டும், போகவும் வரவும் முகத்துவாரம்தான் வழி. அக்கா மாமாவின் கையைப் பிடித்தாள். "மரத்த வுடாத" என்றாள். மாமா சிரித்தார். "சிரிக்காத. என் கைமேல அடிச்சி சொல்லு, வுடமாட்டன்னு." மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவள் கையில் அடித்தார். "வுடமாட்டன் போ" என்றார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வாடைக் காலம் முழுக்க நன்றாகத்தான் போனது. மற்றவர்கள் காற்று பார்த்து நிற்கையில் நாங்கள் போய்த் திரும்பினோம். சும்மா சொல்லக் கூடாது, மாமாவுக்கு அந்த நாட்களில் கால் நிலத்தில் பாவவில்லை. பச்சை உரிகிற இடத்திலெல்லாம் மறுபடி பூசிக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் காலையில் மீனோடு திரும்பி வந்தோம். ஆறு வடிந்துகொண்டிருந்தது, கடல் ஏறிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் இரண்டும் மோதி மணல்மேட்டின் மேல் அலை உடைந்தது. மாமா சுக்கான் பிடித்திருந்தார். நடுவாய்க்குள் நுழையும்போது எஞ்சின் இருமியது. விக்கியது. நின்றது. அதுவரை எஞ்சின் சத்தத்துக்குள் அடங்கியிருந்த கடலின் சத்தம் ஒரேயடியாக வந்து எங்கள் மேல் விழுந்தது. நான் கைப்பிடியைச் சுற்றினேன். பின்னாலிருந்து வந்த முதல் அலையிலேயே கூட வந்த இரண்டு பேரும் வெளியே போய் விழுந்தார்கள். அவர்கள் நீந்திக் கரை ஏறினார்கள். அடுத்த அலை போட்டுக்குள் வந்தது.

போட்டு நிரம்பி, பின்பக்கம் தாழ்ந்தது. நானும் மாமாவும் மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். "வுடு மாமா!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். பயந்த முகம் இல்லை. நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டது போல ஒரு பார்வை. "வுடுய்யா! சார் சொன்னாரு இல்ல, வுடுய்யா!" அவர் தலையாட்டினார். கழியில் தலையாட்டினாரே, அதே போலத்தான். கை அசையவில்லை. அவர் கையைப் பிரிக்கப் போனேன். அலை என்னைப் புரட்டி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து போட்டபோது போட்டு எங்கள் இருவரையும் சேர்த்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அவர் மேல் வந்தது ஆத்திரம். சொன்னால் கேட்காத மனுசன்! அந்த ஆத்திரத்தில்தான் உதைத்துக்கொண்டு விட்டேன். விட்டது தப்பில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதை யாரிடமும் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கரையிலிருந்து வந்த கட்டுமரக்காரர்கள் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீர் வற்றி அலை அடங்கிய நேரத்தில் போட்டை இழுக்க ஊரே கூடியது. யாராவது கயிற்றோடு உள்ளே போய்க் கட்ட வேண்டும். நான் போனேன். போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே விட்டேனோ அங்கேயே இருந்தார். இரண்டு கையும் விளிம்பில் இருந்தன. சார் செய்தது போல ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். மூச்சு முட்டி மேலே வந்து, மறுபடி போய்ப் பிரித்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. "புடிச்சிக்கினு இருந்தாரா?" என்று கேட்டாள்.

என் வாய் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. யாருக்கும் பயந்து எதையும் விழுங்கினவன் இல்லை நான். அன்றைக்கு அவள் கையைப் பார்த்தேன். மாமா அடித்துச் சொன்ன கை. "இல்ல அக்கா. அல புடுங்கிடுச்சி. போட்டுக்கு அந்தாண்ட மணல்ல கெடந்தாரு" என்றேன். பெண்கள் உடம்பைக் குளிப்பாட்டக் கொண்டுபோனார்கள்.

விவரம் தெரிந்து சார் ஓடிவந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விட்டில்லே? விடலையா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு என் அருகிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு அவரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

ஊர் பேசியது. ஊருக்குத் தெரிந்தது கட்டுமரம். "ரெண்டு பேரா புடிச்சிக்கினு கெடந்திருந்தா அல இன்னா பண்ணியிருக்கும்? மச்சினன் வுட்டுட்டு வந்துட்டான், ஒண்டியா அவன் இன்னா பண்ணுவான்?" என்றார்கள். என் காதுபடவே சொன்னார்கள். மரத்த வுட்டவன். கை நீட்டி அடித்திருக்கிறேன், அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு வார்த்தையில் எல்லார் வாயையும் அடைத்திருக்கலாம். அவன் விடவே இல்லையடா, விடாமல் இருந்துதான் செத்தான், விட்டிருந்தால் இன்றைக்கு இருப்பான். அதைச் சொன்னால் அது நேரே போய் அக்கா தலையில் விழும். நீ சொல்லி அனுப்பின வார்த்தைதான் அவரைப் பிடித்துக்கொண்டு போனது என்று எப்படிச் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டேன். பேசித் தீர்க்கிற எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் மீன்கூடையைத் தலைக்குத் தூக்கிவிட என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குக் கூடை தூக்கிவிடுகிறவன் நான். இப்போது நான் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் போகிற யாரையாவது குரல் கொடுத்துக் கூப்பிடுவாள். அது போதாதா? நான் ஊரைவிட்டு வில்லியனூர்ப் பக்கம் வந்தேன். கடலுக்குப் படித்த படிப்பு கரும்புக்கு உதவியது. அங்கேயும் எஞ்சின்கள் இருமின, விக்கின, நின்றன. சுற்றிலும் வயல்தான், தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை. இருந்தாலும் அது நிற்கிற நொடியில் கை எதையாவது இறுகப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் பச்சையாக எதைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நெல் வயலில் வேலை செய்கிறவனுக்குப் பச்சை ஆகவில்லை என்றால் விளங்குமா?

பிரெஞ்சுக்காரன் கடைசியாக எழுதிக் கொடுத்துவிட்டான், இனி எல்லாம் முழுசாக இந்தியாதான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட வருஷம், அக்கா மகன் என்னைத் தேடி வந்தான். மீசை வைத்திருந்தான். மாமாவின் அதே மூக்கு. "மாமா, நானும் எஞ்சின் போட்டுக்குப் படிச்சி முடிச்சிட்டன். மொத தடவ போறன். நீ வரணும்" என்றான். உங்கம்மா வரச் சொன்னாளா என்று கேட்டேன். அவன் என் ஸ்பானரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வரமாட்டேன் என்று கத்தினேன், அவனைத் திட்டி அனுப்பினேன். பிறகு போனேன்.

அதே முகத்துவாரம். புதுப் போட்டு, புது ஆட்கள். பெண்கள் கூட்டமாக நின்றார்கள், சந்தைக்குப் போகிற கூடைகள் மணலில் இருந்தன. அக்கா என்னைப் பார்த்தாள், பார்க்காதது போல இருந்தாள். எஞ்சின் கிளம்பியது. பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன் ஆளிடம் சொன்னார்கள், மரத்த வுடாத, மரத்த வுடாத. மகன் அம்மாவிடம் வந்து நின்றான். அந்த வார்த்தைக்குத்தான் நின்றான். அவள் இந்தப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிவிட்டால் நான் வாயைத் திறந்துவிடுவேன், இத்தனை காலம் அடக்கினதெல்லாம் இந்த மணலிலேயே கொட்டிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஓரடி முன்னே வைத்தேன்.

அக்கா அவன் இரண்டு கையையும் பிடித்தாள். கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தண்ணி ஏறிச்சின்னா வுட்டுடு. இன்னா ஏதுன்னு பாக்காத, வுட்டுட்டு வந்துடு. உன் மாமனாட்டம் வந்துடு."

பெண்கள் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பையன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், "சரிம்மா" என்றான். போட்டு போனது. மணல்மேட்டைத் தாண்டி அதன் சத்தம் கேட்காமல் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அக்கா" என்றேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பத்து நகத்துக்கு அடியிலயும் பச்ச பெயிண்ட்டுடா, தம்பி. தண்ணி ஊத்தி ஊத்தித் தேச்சன், போவல. நான்தான அவர கழுவுனன்? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கினு உன்னக் கூப்புடுவன்?"

பிறகு குனிந்து தலைச்சும்மாட்டைச் சுருட்டி வைத்தாள். பக்கத்தில் எத்தனையோ பேர் நின்றார்கள். "இன்னாடா மரமாட்டம் நிக்கிற? கூடையத் தூக்கி வுடு, நேரமாச்சி" என்றாள். தூக்கி வைத்தேன்.